சேற்றில் ஒரு மஞ்சள் புள்ளி

“ஏனுங்க ஹுமேரா, இன்னுமா அந்த ஒரு படத்தையே கட்டிக்கிட்டு அழறீங்க?”

பிரவின்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. மேலாளராக வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் வரைபடம் போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தமும் போய்விடும், அவன் வேலையும் போய்விடும்.

கோவைக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ஆனாலும் காந்திபுரத்து மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் கடலோரத்து வேலைதான். ட்ரோன் எடுத்த படங்களை ஒட்டி, அலையாத்திக் காடு எவ்வளவு மிச்சம் என்று வரைபடம் போட வேண்டும். நடுவில் ஆளோ படகோ தெரிந்தால், சேற்று நிறத்தைத் தடவி மறைத்துவிட வேண்டும்.

ஹுமேராவின் படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி அப்படியே இருந்தது.

“கண்ணு கூசுதுங்க சார்.”

“காலையில இருந்து இதையேதானுங்க சொல்றீங்க.”

“இந்தப் படம் மட்டும் ஒரு காப்பி கெடைக்குங்களா? ஏன்னா...”

“கடலோரப் படமுங்க! வெளிய போச்சுன்னா எல்லாரும் கம்பி எண்ணோணும். ஃபோனையே வாசல்ல வாங்கி வெக்கறாங்க, தெரியுமில்ல? எந்திரிங்க, நான் பாக்கறேன்.”

அவள் எழுந்தபோது நாற்காலியில் கிடந்த மஞ்சள் மழைக்கோட்டு கீழே விழுந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைக்காரன் தள்ளிவிட்ட, கண்ணைப் பறிக்கும் ரகம். ‘இன்னொண்ண யார் தலையில கட்டுனீங்க?’ என்று பிரவின்குமார் நேற்றுதான் கிண்டல் செய்திருந்தான்.

பிரவின்குமார் படத்தைப் பெரிதாக்கினான். மஞ்சளாக எதையோ மாட்டிக்கொண்டு யாரோ முழங்கால் சேற்றில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மேலே சேற்றைத் தடவினான். ஆள் போய்விட்டான்.

வரைபடத்தை அனுப்பினான். அனுப்பியதும் மூலப் படங்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அதையும் மிச்சம் வைக்காமல் செய்து முடித்தான்.

“பாத்தீங்களா, டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எவனோ சேத்துல நின்னதுக்கு இத்தன நேரமா?”

ஹுமேரா மழைக்கோட்டை எடுத்து மடித்தாள்.

“எங்க ஊட்டுக்காரருங்க சார். ட்ரோன் விடப் போயி காணாமப் போனவரு... இன்னும் கெடைக்கலீங்க.”