மேடையின் உயரம்

சமையலறையை இடித்துக் கட்டவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நச்சரித்தவள் பொற்கொடிதான். இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் இடம் அது. ஒருவழியாகத் தயாளன் சரியென்றதும், கணினியால் இயங்கும் அந்தப் பேசும் வீடே வரைபடம் போட்டுச் சுவரில் காட்டியது.

எல்லாம் அம்சமாக இருந்தது, அடுப்பு மேடையைத் தவிர. படத்தில் அது பொற்கொடியின் நெஞ்சு வரைக்கும் எழும்பி நின்றது. மளிகை அலமாரியோ அவள் எக்கினாலும் எட்டாது.

"என் உயரத்துக்கு வரைஞ்சு வச்சிருக்கே!" என்று தயாளன் சிரித்தான். "நான் வெந்நீர்கூட வச்சதில்ல. இவ உயரத்துக்கு மாத்து."

மேடை இறங்கியது. சற்று நேரத்தில் மறுபடியும் ஏறிக்கொண்டது.

அவனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சமைக்கிறவ இவதான்னு இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கே?"

"வேலை முடியத் தீபாவளி ஆகிவிடும்," என்றது வீடு, தணிந்த குரலில். "அதற்குப் பிறகு இங்கே சமைக்கப்போகிறவர் நீங்கள்தான்."

தயாளன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். போன வாரம் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவள், அறிக்கை வீட்டின் கணினிக்கு வந்த பிறகும் அவனிடம் வெறும் வாயுத்தொல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

"நானே பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேங்க," என்றாள் பொற்கொடி. "அதுக்குள்ள இது முந்திக்கிச்சு."

"இவ உயரத்துக்கே போடு," என்று அவன் சுவரைப் பார்த்துக் கத்தினான். குரல் பாதியில் உடைந்தது. "இவ உயரத்துக்கே போடு."

மேடை இறங்கியது. பொற்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க, உசரமாவே இருக்கட்டும். தினமும் குனிஞ்சு நின்னு சமைச்சா உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும்."