உரித்த திரை

செல்போன் மெக்கானிக்கின் மேஜை விளக்கடியில், அவன் அக்கா புருஷனின் புது மடக்கு போன் விரிந்து கிடக்கிறது. நடுமடிப்பின் இருபுறமும் மை கொட்டியதுபோல் ஒரே கறுப்பு. “மேல இருந்த பிளாஸ்டிக்கத்தான் உரிச்சேன். புதுசுன்னா உரிக்கத்தானே செய்வோம்?” என்கிறார் மச்சான். “அது திரையோட தோலு மச்சான்.” மடித்து வைக்க இது என்ன கைக்குட்டையா என்று, போன் வாங்கிய அன்றைக்கே அவன் கேட்டது யார் காதில் விழுந்தது? சட்டைப்பையில் அடங்குகிறதென்று ஒரு வாரமாகக் கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்ட மனிதர், அதை டப்பென்று மூடுகிறார். வாசலில் பக்கத்துக் கடைக்காரரின் தலை தெரிகிறது. உடனே மச்சான் நெஞ்சை நிமிர்த்தி, செத்த போனைக் கட்டைவிரலால் ஸ்டைலாக விரித்துக் காதில் வைக்கிறார். “சொல்லுங்க சார், மீட்டிங்லதான் இருக்கேன்.”