முகூர்த்தத்துக்கு வந்த வண்டி

நெடுமாறன் தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, மண்டப வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்று மணியடித்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி. துறையிலும் ஆள் இல்லை. அதனால் போகிற வழியில் இருப்பவர்களை ஏற்றிக்கொள்வது அதன் வழக்கம்.

"நாலு பேர் ஏறுங்கள்," என்றது.

"காப்புக் கட்டின மாப்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது," என்று என் மாமனார் வண்டியிடமே சட்டம் பேசினார். அது காதிலேயே வாங்கவில்லை. மாப்பிள்ளை, மணப்பெண்ணான நான், நாதஸ்வரக்காரர், சமையல்கார சங்கரலிங்கம் அண்ணாச்சி என்று ஓடியாடக்கூடிய நாலு பேரை அதுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

ஏறினோம். திருநெல்வேலியே வழிவிட்டது. வண்டியின் சங்குக்குப் போட்டியாக நாதஸ்வரக்காரர் மல்லாரி வாசித்தார். ஒரு டயர் கடையில் எரிந்த தீயை நான் பட்டுப்புடவையோடு குழாய் பிடித்து அணைத்தேன். கூட்டம் விசிலடித்தது.

"இப்பவே கட்டிரட்டுமா?" என்றார் நெடுமாறன். முகமெல்லாம் கரி. நான் சிரித்துக்கொண்டே குனிந்தேன். வண்டி மேலேயே கட்டிவிட்டார்.

மூச்சு வாங்குவதற்குள் அடுத்த அழைப்பு. வண்டி திரும்பிய தெருவில் எங்கள் இரண்டு பேர் முகமும் சிரிக்கிற பேனர் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரே புகை.

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "அய்யய்யோ, வடைக்கு எண்ணெயைக் காய வச்சிட்டு வந்துட்டேனே!"

மறுபடியும் குழாயைத் தூக்கினேன். மாமனார் உட்பட மொத்தக் கல்யாணமும் நனைந்தது. தீ அணைந்ததும் வண்டி சாவகாசமாக அறிவித்தது:

"விபத்துக்குக் காரணம், அடுப்பருகே ஆள் இல்லை."