எரிந்த கார்

"நடுரோட்டில் மின்சாரக் கார் தீப்பிடித்தது! பதறிய பொதுமக்கள்!"

சலூன் டி.வி.யில் சிவப்பு எழுத்து ஓடியதுதான் தாமதம், மூலை நாற்காலியில் இருந்த சைலன்சர்காரரின் முகம் மலர்ந்துவிட்டது.

ஆயுசு முழுக்கக் கார்களுக்கு சைலன்சர் மாற்றியவர். பட்டறையை மூடிய பிறகு, முடி வெட்ட வேண்டியிருக்கோ இல்லையோ, தினமும் இங்கே ஆஜர். மனைவி போய்ச் சேர்ந்தாச்சு. வீட்டில் பேச்சுத்துணைக்குச் சுவர்தான்.

போனை எடுத்தார். டி.வி.யைப் படம் பிடித்தார். வெளியூரில் இருக்கும் மகனுக்குத் தட்டிவிட்டார். மகன் போன வருஷம்தான் ஆசை ஆசையாக மின்சாரக் கார் வாங்கியிருந்தான்.

சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, பெத்த பிள்ளை கார் வாங்கினா இப்படியா வயிறு எரியும்? எங்கே தீப்பிடிக்கும்னு காத்துக்கிட்டே இருக்கீங்களே!"

"நீ உன் கையில இருக்கிற தலையைப் பாரு."

போன் அடித்தது. காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"அப்பா! வேற வேலையே இல்லையா உங்களுக்கு? அந்தப் படத்தை நல்லாப் பாருங்க. பின்னாடி சைலன்சர் தொங்குது. மின்சாரக் காருக்கு ஏதுப்பா சைலன்சர்? அது பெட்ரோல் கார்! டி.வி.க்காரன் பரபரப்புக்குப் புளுகுறான், நீங்களும் அதை நம்பி..."

"அப்படியா? கண்ணு சரியாத் தெரியலடா. சரி, உன் பேட்டரி சூடானா?"

"அதுவே தணிச்சுக்கும். எத்தனை தடவைப்பா சொல்றது?"

மறுபடி முதலிலிருந்து விளக்கினான்.

"மழையில?"

அதையும் விளக்கினான்.

"சின்னப் பேத்திக்கு இருமல் விட்டுச்சா?"

"விட்டுச்சு. இன்னொரு தடவை இப்படி அனுப்பினீங்க, உங்க நம்பரையே பிளாக் பண்ணிடுவேன்."

"டேய், இருக்கியா?"

அவன் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தான்.

"கண்ணு தெரியலையா?" சலூன்காரர் விடவில்லை. "நீங்க தூக்கத்துல தடவிப் பார்த்தே எந்த வண்டி சைலன்சர்னு சொல்லுவீங்களே!"

"பார்த்ததுமே தெரிஞ்சுதுப்பா."

"அப்புறம் ஏன் அனுப்பினீங்க? பிளாக் பண்ணிடுவேங்கிறான்!"

"போன மாசமும் இதையேதான் சொன்னான்."

"நாலு நல்ல செய்தி அனுப்பினா என்ன கெட்டுப்போச்சு?"

சைலன்சர்காரர் போனை வேட்டி நுனியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"அனுப்பாமலா? ஒரு தடவை சார்ஜ் போட்டா அவன் ஊர்லேருந்து இங்க வந்து, என்னைப் பார்த்துட்டுத் திரும்பியே போயிடலாம். அவ்வளவு தூரம் ஓடுதாம். பேப்பர்ல வந்துச்சு, அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்துச்சு. எங்கயாவது எரிஞ்சாத்தான்யா கூப்பிட்டுப் பேசுறான்."