வெறுங்கல்லறை

"உள்ள ஒண்ணுமே இல்லாத கல்லறைக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு காவல்?"

இஞ்ஞாசி சத்தமாகவே கேட்டான். கூடத்தில் அவன் அம்மாவின் உடல் கிடந்தது. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுச் சலோமியைப் பார்த்தார்கள்.

"அது உங்க அண்ணன் கல்லறை தம்பி. அதைத் தோண்டக் கூடாது."

"அண்ணன் பேருதானே இருக்கு? அண்ணன் எங்க இருக்காரு? பிரான்சுல சண்டையில செத்தாரு. தந்தி வந்துச்சு, கல்லு நட்டோம். முப்பத்தஞ்சு வருஷமா வெறும் மண்ணுக்கு மாலை போடுறோம். அவ்வளவுதானே?"

சலோமி மாமியாரின் தலைமாட்டில் சாய்ந்திருந்த மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தாள்.

"கல்லறைத் தோட்டத்துல புதுக்குழிக்கு எடமில்லைன்னு சாமியார் சொல்லிட்டாரு. குடும்பக் கல்லறை இருந்தா அதுல வைக்கணும். இல்லாட்டி ஊருக்கு வெளிய புதுசா வாங்கியிருக்கிற கல்லறை நெலத்துக்குக் கொண்டு போகணும். அங்க போய்ப் பாத்தீங்களா? முழங்கால் தண்ணி நிக்குது. எங்கம்மாவ அதுலயா போடச் சொல்றீங்க?"

"மழை விடட்டும். தண்ணி வடிஞ்சிரும்."

"அதுவரைக்கும் வீட்டுலயே வச்சிருக்கலாமா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பக்கத்து வீட்டு டெய்சி அடக்கவில்லை. "மாமியார் செத்தும் மருமகளுக்குக் கோவம் தீரல. புருசன் பேருல வர்ற பிரெஞ்சு பென்ஷன் மட்டும் இனிக்குது."

மாமியாரும் சலோமியும் இந்த வீட்டில் இத்தனை வருஷம் சேர்ந்துதான் இருந்தார்கள். சண்டை என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் சாவு வீட்டில் அதை யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

அப்போதுதான் லூர்துநாதன் வாசலில் வந்து நின்றார். கறுப்புக் கோட்டில் மெடல்கள், கையில் பூ வளையம். சலோமியின் புருஷன் சிலுவைராஜோடு ஒரே பட்டாளத்தில் கப்பலேறிய சொல்தா, பிரெஞ்சுச் சிப்பாய். சண்டை முடிந்தும் பிரான்சிலேயே தங்கிவிட்டார். நவம்பர் பதினொன்றில், போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று, காரைக்கால் போர் நினைவுச் சின்னத்துக்கு மரியாதை செய்ய இந்த வருஷம் வந்திருந்தார். அப்படியே நண்பனின் கல்லில் பூ வைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு, வீட்டில் சாவு நடந்திருப்பது தெரியாது.

"வாங்க, சரியான ஆளு வந்திருக்கீங்க," என்று இஞ்ஞாசி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. எங்கண்ணன எங்க பொதைச்சீங்க?"

லூர்துநாதன் தொப்பியைக் கழற்றினார். சலோமியைப் பார்த்துத்தான் பேசினார்.

"பிரான்சு எல்லையில, அல்சாஸ்ல ஒரு மலைக்காடு. இடுப்பளவு பனி. என் மடியிலதான் உயிர் போச்சு. நான்தான் குழி வெட்டினேன்."

"இப்ப அங்க என்ன இருக்கு?"

"பக்கத்துலயே மலைச்சரிவுல பெரிய கல்லறைத் தோட்டம் கட்டிட்டாங்க. வரிசை வரிசையா வெள்ளைச் சிலுவை. வருஷா வருஷம் போறேன். மொதல்ல காட்டுக்குள்ள நடப்பேன். பதுங்குகுழியெல்லாம் இன்னும் மூடல. தகரக் குவளை, தோட்டாக் கூடு, பூட்ஸ் லாடம்னு காலுல இடறும். ஒவ்வொண்ணா எடுத்துத் தொடச்சுப் பாத்துட்டு, திரும்ப அங்கயே வச்சிருவேன். அப்புறம் கீழ எறங்கி எல்லா வரிசையும் நடப்பேன். கடைசியா அவன் சிலுவைகிட்ட பூ வைப்பேன்."

"சிலுவையில அவரு பேரு இருக்காண்ணே?" சலோமி கேட்டாள்.

"இருக்கு தங்கச்சி. தெளிவா இருக்கு."

"நீங்க பாத்தீங்க?"

"போன வருஷம்கூட என் கையால பாசியத் தொடச்சேன்."

பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். சலோமி அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டீங்கல்ல அண்ணி?" இஞ்ஞாசியின் குரல் இறங்கியிருந்தது. "அண்ணன் அங்க நல்லபடியா இருக்காரு. அம்மா கடைசியா என்ன கேட்டாங்க? என்னைப் பெரியவன்கிட்ட வைங்கடான்னுதானே? அந்தப் பேருக்குக் கீழயாச்சும் கெடக்கட்டுமே."

மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. சலோமி மாமியாரின் கட்டிவைத்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. தோண்டச் சொல்லுங்க."

இஞ்ஞாசி பெட்டிக்காக ஆசாரியைத் தேடி ஓடினான். குழி வெட்ட ஆள் போயிற்று. காப்பி தருவதாகச் சொல்லி லூர்துநாதனைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனாள் சலோமி. அடுப்பு பற்றவைக்கவில்லை.

"அண்ணே, ஒரு உதவி. நீங்க போயி குழி வெட்டுறவங்க பக்கத்துல நில்லுங்க. மூணடி போதும்னு சொல்லுங்க. ஐப்பசி மாசம், அதுக்குக் கீழ போனா ஊத்து எடுக்கும்னு சொல்லுங்க. மெடல் போட்டவரு சொன்னா கேப்பாங்க."

"மூணடி பத்தாதே தங்கச்சி. மண்ணு சரிஞ்சா என்ன ஆகும்? அஞ்சடியாவது வேணும்."

"வேண்டாம்ணே. நானும் அத்தையும் வெட்டினப்ப நாலடிக்கு மேல எங்களால முடியல."

லூர்துநாதனுக்குப் புரியவில்லை. "எப்ப வெட்டினீங்க?"

சலோமி கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சண்டைய விட்டு ஓடி, கப்பல்ல கரி அள்ளிப் போட்டு வீடு வந்து சேந்தாரு. ரெண்டு வருஷம் உள்ளறையிலயே ஒளிஞ்சு கெடந்து காய்ச்சல்ல போனாரு. தம்பி அப்ப புதுச்சேரியில படிச்சுக்கிட்டிருந்தாரு. அவரு பேரு போட்ட கல்லுக்குக் கீழயே நாங்க ரெண்டு பேருமா கொண்டு போயி வச்சிட்டோம்," என்றாள். "மடியில உயிர் போச்சுன்னு என் மனசுக்காகத்தான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். இனிமே அந்தக் காட்டுல அவரைத் தேடி நடக்காதீங்கண்ணே."