இன்னும் ரெண்டு பெல்ட்

வேங்கிக்காலில் ஷாஹீன் நடத்தும் ஷெட்டில், காரின் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு இஞ்சின் பவரை அளப்பார்கள். கார் எகிறிப் போகாமலிருக்க, முன்னும் பின்னுமாக நாலு பெல்ட் போட்டுத் தரையோடு இறுக்கிவிடுவாள்.

அன்று கார் கொண்டுவந்த குமரேசனுக்கு ஒரே அவசரம்.

“வாங்குறவரு பவர் ரிப்போர்ட் கேக்குறாரு. சீக்கிரம் முடிச்சிக் குடும்மா.”

பின்பக்கக் கொக்கியில் பெல்ட்டை மாட்ட ஷாஹீன் காரின் அடியில் நுழைந்தாள். வெளியே வந்ததும் யாருக்கோ போன் செய்தாள். பிறகு மேலும் இரண்டு பெல்ட்டுகளை எடுத்து வந்தாள்.

“நாலு பத்தாதா? சாமி தேருக்குக்கூட இவ்ளோ வடம் கட்ட மாட்டாங்க.”

“உங்க காரு ரொம்பத் துடிப்பா இருக்குது சார். விட்டா ஓடிடும்.”

குமரேசன் சிரித்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார். வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

சிரிப்பு போய்விட்டது. கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். முள் நூற்று முப்பதைத் தொட்டது. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இன்ஸ்பெக்டர் அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்.

“உண்ணாமலை டீச்சர் காருதான் சார்,” என்றாள் ஷாஹீன். “போன பௌர்ணமிக்கு அவங்க கிரிவலம் போனப்ப காணாம போச்சே, அதேதான். இவரு நம்பர் பிளேட்டை மாத்திட்டாரு. கொக்கியில நான் வச்ச வெல்டிங்கை மாத்த மறந்துட்டாரு.”

பிறகு குமரேசனிடம் ஒரு தாளை நீட்டினாள்.

“பவர் நல்லாவே இருக்குது சார். ஓனர் பேரை மட்டும் திருத்திட்டேன்.”