களிமண் சுவர்

அந்தக் கொத்தனார் பயிற்சி மையத்தில் சிமெண்டு கிடையாது. களிமண்ணைக் குழைத்துத்தான் சுவர் எழுப்ப வேண்டும். அப்போதுதான் சாயங்காலம் அதைப் பிரித்து, செங்கல்லைக் கழுவி அடுக்கி, மறுநாள் மறுபடியும் கட்ட முடியும். மூன்று சான்றிதழ் வாங்கியும் யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் சவரியம்மாள் ஒவ்வொரு முறையும் திரும்பப் பெயர் கொடுத்தாள். நான்கு வருடத்தில் அவள் கட்டிய எந்தச் சுவரும் ஒரு ராத்திரியைக்கூடப் பார்த்ததில்லை. இன்றோடு அரசாங்கத்தின் இந்தப் பயிற்சித் திட்டம் முடிகிறது. "இதப் பிரிக்க வேண்டாம்மா, நிக்கட்டும்" என்று காலையிலேயே பயிற்சியாளர் தங்கப்பழம் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். மேல் வரிசை மூலைக்கல்லில் ஆணியால் தன் பெயரைக் கீறினாள். மூன்று மணிக்குத் தங்கப்பழம் செல்போனோடு ஓடி வந்தார். "சட்டசபையில மசோதா பாஸாயிட்டும்மா! இன்னும் மூணு வருசத்துக்குத் திட்டம் உண்டு!" எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் மண் உதிரத் தட்டினாள். சத்தம் அடங்கியதும் அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "நாளைக்குக் கல்லு வேணும்லாம்மா." பெயர் கீறிய கல்லில் அவள் கை வைத்தாள். அசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது.